முக்காலியை உதைத்த வக்கீல்

குமரித் தந்தை மார்ஷல் நேசமணியின் வாழ்க்கைக் கதை

1921-ம் ஆண்டு. நாகர்கோவில் கோர்ட்டு.

கறுப்பு அங்கி அணிந்த இளம் வக்கீல் ஒருவர் உள்ளே நுழைந்தார். வக்கீல் தொழிலுக்கு அவர் புதியவர்.

வக்கீல்கள் உட்காரும் இடத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் நாற்காலிகள். இன்னொரு பக்கம் முக்காலிகள்!

மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி. மற்ற சாதி வக்கீல்களுக்கு முக்காலி. குடிதண்ணீர்ப் பானைகூடத் தனித்தனி!

எல்லோரும் படித்தது ஒரே சட்டம். எல்லோரும் போட்டிருப்பது ஒரே அங்கி. ஆனால் உட்காரும் இடம் மட்டும் வேறு. நியாயம் வழங்கும் இடத்திலேயே இப்படி ஓர் அநியாயம்!

இளைஞருக்கு ரத்தம் கொதித்தது. முக்காலியை ஓங்கி ஓர் உதை விட்டார். அது உருண்டு ஓடியது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். பானைகளையும் உடைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே பானை வைக்கும்படி செய்தார்.

நாஞ்சில் நாட்டில் தாத்தாக்கள் பேரப் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்லும் கதை இது.

அந்த இளைஞர்தான் நேசமணி. பிற்காலத்தில் மக்கள் அவரை மார்ஷல் நேசமணி என்று அழைத்தார்கள். மார்ஷல் என்றால் படைத்தலைவர். ஆனால் இவருடைய படையில் துப்பாக்கி கிடையாது. சட்டப் புத்தகமும் ஓட்டுச் சீட்டும்தான் இவருடைய ஆயுதங்கள்.

பிறந்த மண்

இரணியலுக்கும் குழித்துறைக்கும் நடுவே பள்ளியாடி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. தென்னையும் வாழையும் நிறைந்த ஊர். அங்கே 1895-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி நேசமணி பிறந்தார்.

அப்போது அந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மகாராஜாவின் ஆட்சி. தலைநகரம் திருவனந்தபுரம்.

அந்த மண்ணுக்கு ஒரு பழைய காயம் உண்டு. நாடார் குலப் பெண்களும் மற்றும் பல சாதிப் பெண்களும் மார்பை மறைத்துச் சேலை உடுத்தக் கூடாது என்று ஒரு காலத்தில் தடை இருந்தது. மீறி உடுத்திய பெண்கள் சந்தையிலும் தெருவிலும் அவமானப்படுத்தப்பட்டார்கள். வீடுகள் கொளுத்தப்பட்டன. பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. கடைசியில் 1859-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி மகாராஜா உத்தரவு போட்டார். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்த உரிமை வந்தது!

நேசமணி பிறந்தது அதற்கு 36 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தக் கொடுமையைக் கண்ணால் கண்ட பாட்டிமார் அப்போதும் ஊரில் உயிரோடு இருந்திருப்பார்கள்.

சட்டம் நம்மை மிதிக்கும். அதே சட்டம் நம்மைத் தூக்கியும் விடும். யார் கையில் அது இருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு இதைப் புத்தகம் பார்த்துப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

நேசமணி நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பிறகு திருவனந்தபுரம் சென்று பட்டமும் வக்கீல் படிப்பும் முடித்தார். ஊர் திரும்பி நாகர்கோவிலில் தொழில் தொடங்கினார்.

ஏழைகளின் வழக்கு என்றால் முன்னே நிற்பார் என்று பெயர் எடுத்தார். முக்காலி கொடுக்கப்பட்ட அதே இடத்தில், பின்னாளில் வக்கீல்கள் சங்கத்துக்கே தலைவர் ஆனார். 1943 முதல் 1947 வரை திருவிதாங்கூர் ஸ்ரீமூலம் சட்டசபையில் உறுப்பினராக இருந்தார்.

தாய்த் தமிழகம் வேண்டும்

திருவிதாங்கூரின் தென்கோடியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று 4 தாலுகாக்கள் இருந்தன. அங்கே பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் நாஞ்சில் நாடு. சமஸ்தானத்துக்கே சோறு போட்ட நெற்களஞ்சியம் அது.

சோறு போட்ட நாட்டில் தமிழுக்கு உரிய இடம் இல்லையே என்று மக்கள் குறைப்பட்டார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் தமிழர்கள் குறைவு. கச்சேரிகளில் மலையாளம் ஓங்கி நின்றது. நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது. நமக்கும் வர வேண்டாமா என்ற பேச்சு கிராமங்களில் எழுந்தது.

1945-ம் ஆண்டு டிசம்பரில் சாம் நத்தானியேல் முதலியோர் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதுவே மறு ஆண்டில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. 1947-ம் ஆண்டு செப்டம்பரில் நேசமணி அதில் சேர்ந்தார். பேரும் புகழும் பெற்ற வக்கீல் வந்ததும் இயக்கம் ஊர் ஊராகப் பரவியது.

தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும். இதுதான் கோரிக்கை.

அதற்கு முதல் பலி 1948-ம் ஆண்டு பிப்ரவரியில் விழுந்தது. மங்காட்டில் போலீசார் சுட்டதில் தேவசகாயம், செல்லையன் என்ற இருவர் உயிர் இழந்தார்கள்.

பிணத்தைப் பார்த்தவர்களுக்கு ஆத்திரம் வரத்தானே செய்யும்? பழிக்குப் பழி என்று கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மொழிச் சண்டை சாதிச் சண்டையாக மாறியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரனும் பக்கத்து வீட்டுக்காரனும் வெட்டிக்கொண்டு செத்திருப்பார்கள்.

நேசமணி அந்த வழியில் போகவில்லை. தேர்தலுக்குப் போனார்.

1949-ம் ஆண்டு திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இணைந்தன. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் நாகர்கோவில் தொகுதியில் நேசமணி வெற்றி பெற்று லோக்சபைக்குப் போனார். 1954-ம் ஆண்டு ராஜ்யத்தில் மீண்டும் தேர்தல் நடந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்குச் சட்டசபையில் 12 இடங்கள் கிடைத்தன.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு பட்டம் தாணுப்பிள்ளை முதல்-மந்திரி ஆனார். அவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். சட்டசபையில் அவர் கட்சிக்கு 19 பேர்தான். காங்கிரஸ் வெளியே இருந்து கொடுத்த ஆதரவில் அவருடைய ஆட்சி நடந்தது.

ஆகஸ்டு 11

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தார்கள். 1954-ம் ஆண்டு ஜூலையில் அங்கே போராட்டம் மூண்டது. கூட்டம் கூடத் தடை போட்டார்கள். நேசமணி, அப்துல் ரசாக், சிதம்பரநாதன் மூவரும் மலை ஏறினார்கள். தடையை மீறினார்கள். கைதானார்கள்.

ஒரு கிறிஸ்தவர். ஒரு முஸ்லிம். ஓர் இந்து. மூவரும் சேர்ந்து ஜெயிலுக்குப் போனார்கள். இது சாதிக்காகவோ மதத்துக்காகவோ நடக்கும் போராட்டம் அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தலைவர்கள் கைதானதும் தென் தாலுகாக்கள் கொந்தளித்தன. கடைகள் மூடின. ஊர்வலங்கள் கிளம்பின. ஆகஸ்டு 11-ந் தேதியை விடுதலை நாளாகக் கொண்டாட மக்கள் முடிவு செய்தார்கள்.

அன்று புதுக்கடையிலும், மார்த்தாண்டம் தொடுவெட்டியிலும் போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் மாலையில் திரும்பவில்லை. நாடார், பிள்ளை, முஸ்லிம் என்று பாராமல் குண்டு பாய்ந்தது. தாய்மார்கள் தெருவில் விழுந்து புரண்டு அழுதார்கள். அந்தப் பகுதியில் வயதானவர்கள் இன்றும் ஆகஸ்டு 11 என்றால் குரல் தாழ்த்திப் பேசுவார்கள்.

சுட்டது வெள்ளைக்காரன் அல்ல. மகாராஜாவும் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டு வந்த மந்திரிசபையின் போலீஸ்! சுதந்திரம் வந்து 7 ஆண்டுகள்கூட நிறையவில்லை.

சிறையில் இருந்து வந்த தந்தி

அப்போது ஓர் அதிசயம் நடந்தது.

பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் டாக்டர் ராம் மனோகர் லோகியா. அவர் வடநாட்டில் விவசாயிகளுக்காகப் போராடி, அலகாபாத் அருகே நைனி சிறையில் இருந்தார். துப்பாக்கிச்சூடு பற்றிய செய்தி சிறைக்குள் அவருக்குக் கிடைத்தது.

அவர் உடனே தந்தி அடித்தார். யாருக்கு? தன் கட்சி மந்திரிசபைக்கே!

மந்திரிசபை பதவி விலக வேண்டும், துப்பாக்கிச்சூடு பற்றி நீதி விசாரணை நடத்த வேண்டும் என்று கேட்டார். மக்களைச் சுட்ட ஆட்சி நம் ஆட்சியாக இருந்தாலும் அது நாற்காலியில் இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

நாட்டில் அந்தக் கட்சி ஆண்டது அந்த ஒரே ராஜ்யம்தான். அதையும் இழக்கச் சொன்னார் லோகியா. பட்டம் தாணுப்பிள்ளை மறுத்துவிட்டார். கட்சித் தலைவர்கள் பலரும் லோகியாவின் பக்கம் நிற்கவில்லை. லோகியா பொதுச் செயலாளர் பதவியைத் துறந்தார். விரிசல் வளர்ந்தது. 1955-ம் ஆண்டு முடிவில் அவர் தனிக் கட்சியே தொடங்கிவிட்டார்.

புதுக்கடையில் பாய்ந்த குண்டு, அகில இந்தியக் கட்சி ஒன்றையே இரண்டாகப் பிளந்தது!

ரத்தம் சிந்திய பிறகு

ஒரு நாட்டில் ரத்தம் சிந்திவிட்டது. அடுத்து என்ன செய்வது? உலகத்தில் பல நாடுகளை வாட்டும் கேள்வி இது.

ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்று ஒரு சிறிய நாடு. அங்கே 1994-ம் ஆண்டு சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் டூட்சி இனத்தார். ஓர் இனத்தையே அழிக்க நடந்த கொலை அது. கொன்றவர்களில் பலர் பக்கத்து வீட்டுக்காரர்கள். நம் ஊரில் நடந்ததை அதனோடு ஒப்பிட முடியாது. அது கடல் என்றால் இது ஒரு துளி. ஆனால் உயிர் தப்பியவர்களின் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான். இனி இவர்களோடு எப்படி ஒரே ஊரில் வாழ்வது?

ருவாண்டாவில் பெரிய குற்றவாளிகளை விசாரிக்க ஐக்கிய நாடுகள் சபை தனிக் கோர்ட்டு அமைத்தது. மற்றவர்களை விசாரிக்க ஊர்ப் பஞ்சாயத்துகள் கூடின. மக்கள் புல்தரையில் உட்கார்ந்து, யார் என்ன செய்தார்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்கள். 2002 முதல் 2012 வரை 10 லட்சத்துக்கும் அதிகமான வழக்குகளை அந்தப் பஞ்சாயத்துகள் தீர்த்தன. குறைகளும் உண்டு. எதிர்க் கருத்துச் சொல்ல அங்கே போதிய இடம் இல்லை என்று பலர் குறை கூறுகிறார்கள். ஆனாலும் ஒன்று விளங்கியது. நடந்ததை மூடி மறைத்தால் புண் ஆறாது. பழி வாங்கினாலும் ஆறாது. எல்லோர் முன்னிலையிலும் கணக்குக் கேட்க வேண்டும். கேட்ட பிறகு, எல்லோருக்கும் வாழ இடம் இருக்க வேண்டும்.

இதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே நேசமணியும் அவருடைய தோழர்களும் செய்தது அதைத்தான்.

அவர்கள் கணக்குக் கேட்ட இடம் சட்டசபை. 1955-ம் ஆண்டு பிப்ரவரியில் அங்கே பட்டம் மந்திரிசபை கவிழ்ந்தது. கவிழ்த்த ஓட்டுகளில் தமிழ்நாடு காங்கிரஸ் உறுப்பினர்களின் ஓட்டுகளும் சேர்ந்திருந்தன. துப்பாக்கிக்குப் பதில் துப்பாக்கி அல்ல, ஓட்டு!

மலையாளி போட்ட கையெழுத்து

அவர்கள் கணக்குக் கேட்ட இன்னோர் இடம் மத்திய சர்க்காரின் கமிஷன்.

ராஜ்யங்களை எப்படிப் பிரிப்பது என்று ஆராய 1953-ம் ஆண்டு டிசம்பரில் மத்திய சர்க்கார் ஒரு கமிஷன் அமைத்தது. தலைவர் பசல் அலி. உறுப்பினர்கள் குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர்.

தமிழ்நாடு காங்கிரஸ் 9 தாலுகாக்களைக் கேட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். தமிழகத்தில் ம.பொ.சிவஞானம் போன்றோர் துணைக் குரல் கொடுத்தார்கள்.

1955-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி கமிஷன் அறிக்கை கொடுத்தது. தென் தாலுகாக்கள் நான்கும் செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்தில் சேர வேண்டும் என்று அது சொன்னது.

இதில் ஒரு விசேஷம் கவனியுங்கள். கமிஷன் உறுப்பினர் பணிக்கர் ஒரு மலையாளி. திருவிதாங்கூர் மண்ணிலேயே பிறந்தவர். அந்த மண்ணின் நெற்களஞ்சியத்தைத் தமிழருக்குக் கொடுக்கச் சொல்லும் அறிக்கையில் அவரும் கையெழுத்துப் போட்டார். நியாயம் என்று பட்டதற்குக் கையெழுத்துப் போட்டவரை நாம் மறக்கலாமா?

ஆனால் தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. அவை கேரளத்துக்கே என்று கமிஷன் சொல்லிவிட்டது. எந்த மலைக்காக நேசமணி சிறை சென்றாரோ, அந்த மலை கைவிட்டுப் போயிற்று. நெய்யாற்றின்கரையும் சித்தூரும் கிடைக்கவில்லை. வென்றவருடைய வீட்டிலும் பாதி விளக்குதான் எரிந்தது.

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி கன்னியாகுமரி ஜில்லா பிறந்தது. தலைநகரம் நாகர்கோவில். செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலி ஜில்லாவில் சேர்ந்தது.

கட்சியைக் கலைத்த தலைவர்

போராடி வென்ற தலைவர்கள் பலருக்கு ஒரு வியாதி உண்டு. வெற்றிக்குப் பிறகும் சண்டையை விட மனம் வராது. சண்டை இருந்தால்தானே தலைமை இருக்கும்!

நேசமணிக்கு அந்த வியாதி இல்லை. வேலை முடிந்தது என்று சொல்லித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசைக் கலைத்துவிட்டார்கள். அது இந்தியத் தேசிய காங்கிரசோடு இணைந்தது. புது ஜில்லாவில் தனிக்கொடி பிடித்துப் பழைய பகையைக் கிளற அவர் முயலவில்லை.

1957-ம் ஆண்டு தேர்தலில் கிள்ளியூரில் நின்று சென்னைச் சட்டசபைக்குப் போனார். 1962-லும் 1967-லும் நாகர்கோவிலில் வென்று லோக்சபைக்குப் போனார். 1967-ம் ஆண்டு சென்னை ராஜ்யம் முழுவதும் தி.மு.க. அலை வீசியது. லோக்சபைக்கான 39 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 3-தான். அந்த மூன்றில் ஒன்று நேசமணியின் நாகர்கோவில்!

1968-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி அவர் காலமானார். அப்போது வயது 72. அவர் விட்டுச் சென்ற தொகுதியில்தான் 1969-ம் ஆண்டு இடைத்தேர்தலில் பெருந்தலைவர் காமராஜர் நின்று வென்றார்.

மார்த்தாண்டத்தில் ஒரு கல்லூரி நேசமணியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாகர்கோவிலில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. குமரி மாவட்டத்துப் பஸ்களிலும் ஒரு காலத்தில் நேசமணி போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருந்தது. 1997-ம் ஆண்டு போக்குவரத்துக் கழகங்களில் இருந்து தலைவர்கள் பெயர்களை எல்லாம் எடுத்தபோது அதுவும் போயிற்று.

சாமி போகும் பாதை

கணக்கு முழுவதும் தீர்ந்துவிட்டதா? இல்லை. ஜில்லா கிடைத்தது. புதுக்கடைத் தாய்க்கு மகன் கிடைக்கவில்லை. எந்த விசாரணையும் எந்தச் சட்டமும் அதைத் திருப்பித் தர முடியாது. அதனால்தான் ரத்தம் சிந்துவதற்கு முன்பே ஆள்வோர் ஆயிரம் தடவை யோசிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று நடக்காமல் போயிற்று. அதுதான் பெரிய லாபம். தமிழனும் மலையாளியும் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொள்ளவில்லை.

தக்கலை பக்கம் போனால் பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். அது இருக்கும் மண் தமிழ்நாடு. ஆனால் அரண்மனையைக் கவனித்து வருவது கேரள சர்க்கார். நம் வீட்டில் அவர்கள் பெட்டகம் பத்திரமாக இருக்கிறது!

நவராத்திரி வந்தால் பத்மநாபபுரம் சரஸ்வதி அம்மனும், குமாரகோவில் முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் புறப்படுகிறார்கள். மகாராஜா காலத்துப் பழக்கம் அது. எல்லை மாறியும் அது நிற்கவில்லை. களியக்காவிளை எல்லையில் இரு மாநிலத்தாரும் கூடி நின்று சாமியை அனுப்புகிறார்கள், வரவேற்கிறார்கள். திருவிழா முடிந்ததும் சாமி பத்திரமாக ஊர் திரும்புகிறது.

ஒரு காலத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட மார்த்தாண்டம் வழியாகத்தான் அந்த ஊர்வலம் போகிறது.

1921-ல் நேசமணி உதைத்தது முக்காலியைத்தான். அதில் உட்கார வைத்தவர்களை அல்ல. அவர் உட்கார்ந்த பிறகும் மற்றவர்களுடைய நாற்காலிகள் அந்த அந்த இடத்திலேயே இருந்தன. தனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டாரே தவிர, அடுத்தவன் நாற்காலியை உடைக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நவம்பர் 1-ந் தேதி சொல்லுங்கள். ஆகஸ்டு 11-ந் தேதியும் மறக்காமல் சொல்லுங்கள்.